கழலா மரையாணி

தமிழ் பயிலும் மாணாக்கர் எண்ணெயும் சேறும் படிந்ததொரு பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். சென்ற ஆண்டு கார்த்திகை மழையின்போது, எம் விடுதியின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், ஆறு மில்லிமீட்டர் பருமனேயுள்ள ஒரு சிறு மரையாணியோடு யாமும் எம் அறைத்தோழரும் எட்டு நாட்கள் மல்லாடினோம். அவற்றுள் முதல் மூன்று நாட்களில் யாம் செய்தன யாவும் பிழை. அப்பிழைகளையும், அவற்றைத் திருத்திய முறையையும் ஒளியாது எழுதின், நம் கல்லூரியிற் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அன்பர் சிலருக்கேனும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

மரையாணி என்பது பட்டறைகளில் போல்ட் என வழங்குவது. யாமும் இனி அவ்வாறே வழங்குவோம். அதன் உடலைச் சுற்றிச் செல்லும் புரியே மரை. அறிவு சற்றுக் கலங்கியவரை ‘மரை கழன்றவர்’ என்று ஊரார் நகையாடும் வழக்கு இதனின்றும் பிறந்ததே. அதனை ‘மறை கழன்றவர்’ என வல்லின றகரமிட்டு எழுதுவது பிழை. மரை கழலுதலை ஒரு குறையாகக் கண்டு பழமொழி செய்தவர், கழலாமையும் ஒரு குறையே என்பதை எண்ணிலர் போலும்.

எம் தோழரின் தமையனார் வணிகக் கப்பலொன்றிற் பணிபுரிபவர். கடலுக்குச் செல்லுங்கால் தம் மோட்டார் சைக்கிளைத் தம்பியிடம் ஒப்புவித்துச் சென்றார். அது நகர வீதிக்கென அமைந்த வண்டியன்று. சேற்றிலும் மணலிலும் மலைத்தடத்திலும் ஓட்டுதற்கென உயரமாகவும் இலேசாகவும் அமைத்து, டர்ட் பைக் என்னும் பெயரால் விற்கப்படும் வகையினது. “துடைத்து வை, வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிடு, ஆற்றுப்பக்கம் மட்டும் கொண்டு போகாதே” என்பது அவர் சொல்லிப் போன கட்டளை. தம்பியார் முதலிரண்டையும் வழுவாது நிறைவேற்றினார். மூன்றாவதைப் பற்றி விரித்துரைப்பது நட்புக்கு அழகன்று. கடல்நீர் ஏறும் முகத்துவாரச் சேற்றில் வண்டி சக்கரத்தின் அச்சளவு அமிழ்ந்தது என்றும், அவ்வாறு அமிழ்ந்தது ஒருமுறையன்று என்றும் மட்டும் கூறி அமைவோம்.

கார்த்திகையில் எஞ்சினின் கிளச் கவருக்கு அடியிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கிற்று. கவரைக் கழற்றி, இடையிலுள்ள பேக்கிங்கை மாற்றினால் தீரும் குறை அது. கவரைப் பத்து போல்ட்டுகள் பிடித்திருந்தன. ஒன்பது கழன்றன. கால்மிதிக்குப் பின்னே சேறு தங்கும் மூலையிலிருந்த பத்தாவது கழலவில்லை. தமையனாரோ கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். எஞ்சினின் கூடு பழுதுபடுமாயின், புதுக் கூட்டின் விலையும் கூலியும் சேர்ந்து ஒரு பருவத்து விடுதிக் கட்டணத்தை எட்டும் என்று உதிரிப்பாகக் கடையில் அறிந்து வந்த எம் தோழர் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

போல்ட் ஒரு பொருளைப் பிடிப்பது எவ்வாறு என்பதை யாம் முதலில் அறிந்திருத்தல் வேண்டும். ஸ்பானரால் இறுக்குங்கால் போல்ட் நுண்ணளவு நீள்கிறது; நீண்டது மீளச் சுருங்க முயல்வதால் இரு பொருள்களும் கவ்வப்படுகின்றன. நாம் இடும் முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, தலையின் கீழும் மரையிலும் எழும் உராய்வை வெல்வதிலேயே கழிந்துவிடும். எஞ்சிய ஒரு பங்கே போல்ட்டை நீட்டுவது. ஆகவே உராய்வு மிகுமாயின் கழற்றும் வேலை மிகவும் கடினமாகும் என்பது தெளிவு. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டை அலுமினியக் கூட்டில் இறுக்குதற்கு வழக்கமாக விதிக்கப்படும் திருகுவிசை 10 நியூட்டன்-மீட்டர் அளவினது. அஃதாவது ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டாற் போன்றது. அதே போல்ட் முறுகி அறுந்துபோவதற்கு அதனினும் இருமடங்கு விசைகூடப் பெரும்பாலும் வேண்டுவதில்லை. இறுகுதலுக்கும் அறுதலுக்கும் உள்ள இடைவெளி இத்துணைக் குறுகியது என்பதை யாம் அறியோம். எம் கையிலிருந்ததோ முக்கால் மீட்டர் நீள இரும்புக் குழாய்.

முதல் நாள், திறந்த வாயுடைய ஸ்பானரை இட்டோம். அது போல்ட்டுத் தலையின் ஆறு முனைகளுள் இரண்டை மட்டுமே அழுத்தித் திருப்புவது. எனவே வழுக்கி முனைகளை மழுக்கிற்று. ஆறு பக்கங்களையும் தழுவிப் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பானரை முதலிலேயே தேடியிருத்தல் வேண்டும். அதிலும் உள்ளே பன்னிரு முனையுடையதைவிட ஆறு முனையுடையதே இத்தகைய வேலைக்கு நன்று. இரண்டாம் நாள் தேங்காயெண்ணெய் இட்டோம். நகைப்பவர் நகைக்கட்டும், விடுதி அறையில் எளிதிற் கிடைக்கும் எண்ணெய் அதுவே. மூன்றாம் நாள் பாக்ஸ் ஸ்பானர் கிடைத்தது. அதன் கைப்பிடியிற் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து அழுத்தினோம். ‘டிக்’ என்று மெல்லியதோர் ஓசை எழுந்தது, கை இலேசாயிற்று. கழன்றது என்று மகிழ்ந்து ஸ்பானரை எடுத்துப் பார்க்க, அதனுள் போல்ட்டின் தலை மட்டும் இருந்தது.

அன்று மாலையே எம் தோழர் கடைக்கு ஓடி ‘ஈஸி அவுட்’ என்னும் கருவியை வாங்கி வந்தார். அறுந்த போல்ட்டின் நடுவே துளையிட்டு, அத்துளையில் இடப்புறமாகச் சுழலும் மரையுடைய இக்கருவியை முடுக்கினால், அது இறுகுந்தோறும் போல்ட்டைக் கழற்றும் திசையிலேயே திருப்பும். அமைப்பைக் கண்டால் மிக அழகியது. துளையிடும் டிரில் எம்மிடம் இல்லாமையால் அதனை இரவல் கேட்கப் பக்கத்துத் தெருவிலுள்ள பட்டறைக்குச் சென்றோம். அப்பட்டறையை நடத்தும் முதியவர் டிரில்லைத் தரவில்லை. கொட்டகைக்குத் தாமே நடந்து வந்தார். கீழே குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, தலை போயிற்று, போகட்டும். இதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?” என்றார்.

“துரு, அண்ணாச்சி” என்றார் எம் தோழர்.

“எங்கே இருக்கிற துரு? மரையிலா, கவரிலா?”

எமக்கு விடை தெரியவில்லை. அவர் ஒரு சிறு ஆணியால், அறுந்த இடத்தைச் சுற்றிச் சுரண்டினார். உதிர்ந்தது செந்நிறத் துருவன்று. சுண்ணாம்பு போன்ற வெண்பொடி. பிறகு யாம் கழற்றி வைத்திருந்த ஒன்பது போல்ட்டுகளுள் ஒன்றை எடுத்துக் காட்டினார். நாற்பது மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அதன் நீளத்தில் மரை இருப்பது கடைசிப் பதினைந்து மில்லிமீட்டர் அளவிலேதான். எஞ்சிய பகுதி மரையற்ற வெறுந்தண்டு. மரை எஞ்சின் கூட்டுக்குள் அமைவது. தண்டு கவரின் துளையினூடே செல்வது. சேற்றுநீர் நுழைந்தது கவரின் துளையில். வெண்பொடி விளைந்ததும் அங்கேயே. ஆகவே போல்ட்டைப் பிடித்திருந்தது பெரும்பாலும் மரையன்று, கவரே. தலைக்கும் பிடிபட்ட தண்டுக்கும் இடையே முறுக்கு முழுவதும் விழுந்தமையால் தலை அறுந்தது. யாம் எண்ணியவாறு துளையிட்டிருப்பின், மரைக்கு எட்டாமல் கவரிலே சிக்கிய தண்டையே துளைத்துக்கொண்டிருந்திருப்போம்!

இவ்வெண்பொடி யாது என்பதைச் சிறிது விளக்குவோம். 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா என்பார் வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்ந்த துணியை வைத்து மின்னோட்டம் உண்டாக்கினார் என்பது பள்ளிப்பாடம். இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் கூடுமிடத்து இது தானே நிகழும். எஃகுப் போல்ட்டும் அலுமினியக் கவரும் உப்புச் சேறும் கூடிய எம் கொட்டகையிலும், யாரும் வேண்டாமலே வோல்ட்டாவின் அடுக்கு ஒன்று பல மாதம் இயங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய கூட்டில் அழிந்துபோவது அலுமினியமே. அழிந்த அலுமினியம் தான் முன்பிருந்த இடத்தினும் மிக்க இடத்தை வேண்டும் வெண்பொடியாக மாறித் துளையிலுள்ள சிறு இடைவெளியை அடைத்து நெருக்குகிறது. இரும்புத் துருவின் இயல்பும் இதுவே. தான் தோன்றிய இரும்பைப்போல் இருமடங்கிற்கு மேலும் அது பருக்கும். கழலாத போல்ட் ஒவ்வொன்றும் வெளியே அசைவற்றுத் தோன்றினும் உள்ளே நாள்தோறும் இறுகிக்கொண்டே வருவது இதனாலேயே.

இனிச் செய்த வேலையைக் கூறுவோம். மருந்து மாறிற்று. போல்ட்டைக் கழற்றுவதை விடுத்து, தலையற்ற தண்டின்மீது கவரை நழுவச் செய்வதே முதல் வேலையாயிற்று. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி முற்றத்தின் மறுகோடியில் வைத்தோம். எஞ்சின் எண்ணெயை வடித்தோம். முதியவர் தீயைக் கிட்டவிடவில்லை. ஹீட் கன் என்னும் வெப்பக்காற்றுக் கருவியால் அந்த மூலையை மட்டும் சுடவைத்தார். நீர்த்துளி பட்டவுடன் சீறி ஆவியாகுமளவே சூடு. அதற்குமேற் போனால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் கருகும். இங்கே ஓர் எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சுடவைக்கலாகாது, ஃபாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு அதனின்றும் தோன்றும்.

சூட்டினால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரே அளவு சூட்டிற்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஆறு மில்லிமீட்டர் துளை நூறு டிகிரி சூடேறினால், துளை விரிவதற்கும் போல்ட் விரிவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரை நூற்றைம்பது கூறிட்டதில் ஒரு கூறே. இத்துணைச் சிறியது என்ன செய்யும் என்று ஐயுற்றோம். ஆயினும் பொடி நெருங்கிய பிடியில் விரிசல் விழ அதுவே போதுமானது. விரிசலில் எண்ணெய் நுழையும். எண்ணெய் நுழைந்த பின் மரச்சுத்தியலின் தட்டு வேலை செய்யும். சுடவைத்தல், ஊடுருவும் எண்ணெய் இடுதல், ஆறவிடுதல், கவரைச் சுற்றிலும் மெல்லத் தட்டுதல் என்று அன்று பகல் முழுதும் மாறிமாறிச் செய்தோம். கவரின் விளிம்பிற் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பலாம் என்றோம். முதியவர் எம் கையைத் தட்டிவிட்டார். விளிம்பில் ஒரு கீறல் விழின் புதுப் பேக்கிங்கும் கசியுமாம். மாலையில் கவர் ஒரு மயிரிழை நகர்ந்தது. மறுநாள் நண்பகலில் முழுதும் கையோடு வந்தது. உள்ளே, எஞ்சின் கூட்டிலிருந்து விரல்நீளத்துத் தண்டு ஒன்று வெண்பூச்சோடு நீட்டிக்கொண்டு நின்றது.

உடனே அதனைப் பிடித்துத் திருக எம் கை பரபரத்தது. “இன்றைக்கு எண்ணெய் மட்டும்” என்று கூறி முதியவர் தண்டின் அடியில் சில துளி விட்டு, ஓரிரவு ஊறவிட்டார். நுண்ணிய இடுக்கில் எண்ணெய் தானே ஏறும். ஆனால் விரைந்து ஏறாது. அவ்விரவு அவர் பட்டறைத் திண்ணையிலிருந்து எமக்குச் சொன்னவை பல.

எம் போல்ட்டைப்போல் பிடிக்க இடம் நீட்டிக்கொண்டிராமல், கூட்டின் மட்டத்தோடு அறுந்து நிற்குமாயின் செய்வது யாது? அறுந்த முகத்தின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளையினூடே வெல்டிங் செய்து ஒட்டிவிடுதல் அவர் முதலில் நாடும் வழி. எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அதன் கடுஞ்சூட்டிற் பிடியும் தளரும். திருகுதற்கு ஒரு புதுத் தலையும் கிடைத்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே இதனைச் செய்தல் வேண்டும். துளையிட்டே தீரவேண்டுமாயின், சரியான நடுவிற் பொட்டுக் குத்தி, இடப்புறம் சுழலும் டிரில் முனையால் துளைப்பது நன்று. துளைக்கும்போதே சிற்சில வேளை போல்ட் தானே சுழன்று வெளிவரும். ஈஸி அவுட்டை அவர் கடைசியில் வைத்தார். அது மிகக் கடினமான எஃகினாற் செய்யப்படுவது. ஆதலின் வளையாது, ஒடியும். ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் சாதாரண டிரில் அதன்மேற் பாயாது. ஸ்பானரின் பெருமுறுக்குக்கு இணங்காத போல்ட், தன்னுள்ளே செருகிய மெல்லிய கருவியின் முறுக்குக்கு இணங்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்துமா என்று அவர் வினவியபோது, எம் தோழர் தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லா வழியும் பொய்த்தால் போல்ட்டை முழுதும் துளைத்தெடுத்து, துளையை அகலப்படுத்தி, எஃகுக் கம்பிச் சுருளாலாகிய புது மரையை உள்ளே பதித்துக்கொள்ளலாம். அதனால் கூடு கெட்டுப்போவதில்லை.

துருவோ பொடியோ இன்றியும் போல்ட் கழலாதிருப்பதுண்டு. மரையிற் பூசும் பசை அதற்குக் காரணம். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் என்பார், காற்றுள்ளவரை நீர்மமாயிருந்து காற்றற்ற இடுக்கில் உலோகத்தைத் தொட்டு இறுகும் ஒரு பொருளைக் கண்டார். லாக்டைட் என்பது அதுவே. அதன் வன்மை மிக்க வகையைத் தளர்த்த 250 டிகிரி அளவு சூடு வேண்டும். எண்ணெய் எத்தனை நாள் விட்டாலும் அது அசையாது. அதே 1953-இல் சான் டியேகோ நகரில் ஒரு சிறு நிறுவனம், நாற்பதாவது முயற்சியில் வெற்றி கண்டு டபிள்யூ.டி-40 என்னும் நீர்மத்தைச் செய்தது. பிடிப்பதற்கொன்றும் விடுவிப்பதற்கொன்றும் ஒரே ஆண்டிற் பிறந்தன என்று யாம் வியந்தோம். ஆனால் பின்னையது ஈரத்தை அகற்றித் துருவைத் தடுக்கவே முதலிற் செய்யப்பட்டது. பிடிபட்ட மரையில் ஊடுருவுதற்கெனத் தனியே எண்ணெய்கள் உள. அவையே சிறந்தன என்பது முதியவர் கருத்து.

பழைய ஜப்பானிய வண்டிகளின் சிலுவைத்தலைத் திருகாணிகளைப் பற்றியும் கூறினார். சிலுவைத் தலைகள் எல்லாம் ஒன்றென நாம் கருதுகிறோம். அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு வேறு. ஜப்பானியத் தரத்து அமைப்பு வேறு. பிலிப்ஸ் முனையை ஜப்பானியத் தலையில் இட்டால் அடிவரை பொருந்தாது வழுக்கித் தலையைக் கெடுக்கும். சுத்தியலால் அடிக்குந்தோறும் அழுத்திக்கொண்டே திருகும் இம்பாக்ட் டிரைவர் இத்தகைய தலைக்கு ஏற்றது. பின்னும் ஒன்று: திருப்பும் திசையை அறியாமற் கழற்றப் புகுவோர் இறுக்கிக்கொண்டேயிருப்பர். மிதிவண்டியின் இடப்புற மிதிக்கட்டை வலப்புறம் திருப்பினாற்றான் கழலும் என்பதை அன்றுதான் யாம் அறிந்தோம்.

ஏழாம் நாட்காலை, பூட்டிப் பிடிக்கும் கிரிப் பிளையரால் தண்டின் அடியைக் கவ்வினார் முதியவர். கூட்டின் அப்பகுதியைச் சிறிது சுடவைத்தார். முதலிற் கழற்றும் திசையிலன்று, இறுக்கும் திசையில் மிக மெல்ல அசைத்தார். பின்பு கழற்றும் திசையில். மீண்டும் இறுக்கும் திசையில். ஒரு நெல்லளவு அசைந்தது. அசைந்த மட்டும் திருப்பி, மீள வந்து, எண்ணெய் விட்டு, மறுபடியும் திருப்பினார். ஒரே திசையில் முடுக்கினால் உதிர்ந்த பொடி மரையில் நெருங்கி மீளவும் பிடித்துக்கொள்ளுமாம். பாதி வழியிற் பிளையரை எம் தோழர் கையிற் கொடுத்துவிட்டார். “அண்ணனுடைய வண்டிதானே, நீங்களே எடுங்கள்” என்றார். தோழரின் கை நடுங்கிற்று. கால் மணி நேரத்திற்குப் பின் கடைசி மரையும் வெளிவந்தது. கூட்டின் மரையுள் விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தோம். ஒரு புரியும் கெடவில்லை.

எட்டாம் நாள் துளைகளைத் துடைத்து, புதுப் பேக்கிங் வைத்துக் கவரைப் பூட்டினோம். போல்ட்டுகளின் தண்டிலும் மரையிலும் ஆண்டி-சீஸ் என்னும் பசையை மெல்லியதாகத் தடவினோம். பசை தடவிய மரையில் உராய்வு குறையுமாதலின், அதே விசையில் போல்ட் மிகுதியாக நீண்டுவிடும். ஆகவே விதித்த அளவிற் சிறிது குறைத்தே இறுக்கினோம். முதியவர் தம் நாட்கூலியைக் கணக்கிடவில்லை. புதுப் போல்ட்டின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். ஈஸி அவுட் இன்னும் எம் தோழரின் மேசை அறையில் உறை பிரியாமற் கிடக்கிறது.

தமையனார் டிசம்பர் 23-ஆம் நாள் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு குனிந்து கால்மிதியின் பின்னே நோக்கினார். மங்கிய ஒன்பது போல்ட்டுகளின் நடுவே புதிய ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது.

“தம்பி, எந்த ஆறு?” என்றார்.